தத்துவம் படிக்கத் தொடங்குவது எப்படி? மனத்தின் கட்டுகளை அவிழ்க்க ஒரு வழிகாட்டி

தத்துவம் படித்தால் மனம் விடுதலை பெறும் என்று சொல்வதுண்டு. எதிலிருந்து விடுதலை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நோயிலிருந்தோ பணக்கஷ்டத்திலிருந்தோ நெருங்கியவரை இழந்த துக்கத்திலிருந்தோ தத்துவம் யாரையும் மீட்டுவிடாது. அது கைவைக்கும் இடம் வேறு. எப்போது நம் தலைக்குள் நுழைந்தன என்று நமக்கே தெரியாத சில முடிவுகள் இருக்கின்றன. வெற்றி என்றால் இதுதான், இந்த வயதுக்குள் இது நடந்திருக்க வேண்டும், இன்னார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இவற்றை நாம் யோசித்து எடுக்கவில்லை. ஆனாலும் நாள் முழுக்க நம்மை விரட்டுவது இவைதான். ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்தி, இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கக் கற்றுக்கொள்வதே தத்துவப் படிப்பு. கேட்டபின் சில நம்பிக்கைகள் நிற்கும், சில விழும். நிற்பவை அன்றிலிருந்துதான் உண்மையில் உங்களுடையவை ஆகின்றன.

ஆங்கிலத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1912இல் புதியவர்களுக்காக எழுதிய சிறிய அறிமுக நூலின் கடைசி அத்தியாயம் இதைத்தான் பேசுகிறது. தத்துவத்தின் வாசனையே படாத மனிதர், தன் காலமும் தன் சமூகமும் பழக்கமும் ஊட்டிய முன்முடிவுகளுக்குள் சிறைப்பட்டே வாழ்ந்து முடிக்கிறார் என்பது அவர் வாதம். எனக்கு அது மிகையாகத் தோன்றவில்லை.

இந்தக் கட்டுரை இதுவரை எந்தத் தத்துவ நூலையும் தொடாதவர்களுக்கானது. பட்டம் வேண்டாம், கிரேக்கமோ வடமொழியோ தெரிந்திருக்க வேண்டாம். ஒரு நோட்டு, வாரத்தில் சில மணி நேரம், அவசரப்படாத மனம் இருந்தால் போதும்.

முதலில் ஒரு கேள்வி, பிறகு புத்தகம்

புதிதாக வருகிற பெரும்பாலோர் தடிமனான தத்துவ வரலாறு ஒன்றை வாங்குகிறார்கள். முதல் கிரேக்கத் தத்துவவாதி எனப்படும் தேலீஸில் தொடங்கி, அரிஸ்டாட்டிலைத் தாண்டுவதற்குள் சோர்ந்து மூடிவைத்துவிடுகிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. தனக்கு எழாத கேள்விகளுக்கு அடுத்தவர் சொன்ன பதில்களை வரிசையாகப் படித்துக்கொண்டே போனால் யாருக்கும் அலுப்புத் தட்டும்.

அதனால் உங்களை உண்மையிலேயே தொந்தரவு செய்யும் ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். என் விருப்பங்கள் என்னுடையவைதானா, அல்லது யாரோ ஊட்டியவையா? பெரிய தவறு செய்த ஒருவரை மன்னித்துத்தான் ஆக வேண்டுமா? எல்லாம் ஒருநாள் முடியப்போகிறது என்றால் இந்த உழைப்புக்கு என்ன பொருள்? இப்படி ஏதாவது ஒன்று. பத்துக் கேள்விகள் தோன்றினாலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால் ஒரு வழி சொல்கிறேன்: எந்த விஷயத்தில் யாராவது மாற்றுக் கருத்து சொன்னவுடன் உங்களுக்குச் சட்டென்று கோபம் வருகிறதோ, அதையே எடுங்கள். நமக்கே காரணம் தெரியாத நம்பிக்கையைத் தொடும்போதுதான் அப்படிக் கோபம் வரும்.

நம்பிக்கையைப் பிரித்து எழுதுவது

நோட்டு இதற்குத்தான். மனத்துக்குள்ளேயே செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மனத்துக்குள் எல்லாமே நியாயமாகத்தான் தோன்றும்.

ஓர் உதாரணம். "என் வயதுக்காரர்கள் எல்லாரும் எங்கேயோ போய்விட்டார்கள், நான் தோற்றுவிட்டேன்." பலரும் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் வாக்கியம் இது. கேட்பதற்கு ஓர் உண்மையை அப்படியே சொல்வதுபோல இருக்கும். தாளில் எழுதி, நடுவில் இருக்கும் அந்தக் காற்புள்ளியைப் பாருங்கள். முதல் பாதியிலிருந்து இரண்டாம் பாதிக்கு எப்படித் தாவினோம்? அந்தத் தாவல் நியாயமாக இருக்க வேண்டுமானால் வேறு என்னென்ன உண்மையாக இருக்க வேண்டும்?

எழுத எழுத வெளியே வரும். மனித வாழ்க்கைகள் அனைத்தையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியும். அந்த அளவுகோல் வருமானமும் பதவியும். அளக்க வேண்டிய நேரம் இன்றே. பின்தங்கியிருப்பதும் தோற்றுப்போவதும் ஒன்றுதான். ஒரு வரிக்குள் நான்கு கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் ஐந்தாவது ஒன்றும் இருக்கிறது. யார் யாரை மனத்தில் வைத்து அப்படிச் சொன்னீர்கள் என்று பெயர் பெயராக எழுதிப் பாருங்கள். பட்டியல் சீக்கிரம் நின்றுவிடும்.

இப்போது ஒவ்வொன்றையும் தனியாக விசாரியுங்கள். இங்கேதான் பழைய சிந்தனையாளர்கள் துணைக்கு வருகிறார்கள். அளக்க வேண்டிய நேரம் எது என்பதை அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலின் முதல் பகுதியிலேயே எடுத்து விவாதிக்கிறார்: ஒருவர் சாகும்வரை அவரது வாழ்வு நல்வாழ்வு என்று சொல்லக்கூடாதா, செத்த பிறகு சொல்வதில்தான் என்ன அர்த்தம் என்று இரண்டு பக்கமும் கேட்கிறார். பதவி, பெயர் ஆகியவற்றை எபிக்டெட்டஸ் நம் கையில் இல்லாதவற்றின் பட்டியலில் சேர்க்கிறார். அடிமையாகப் பிறந்து, பிறகு விடுவிக்கப்பட்டு, ரோமப் பேரரசில் பெரிய ஆசிரியராக ஆனவர் அவர். நம் கையில் இருப்பவை நம் மதிப்பீடுகள், விருப்பு வெறுப்புகள் மட்டுமே என்பது அவர் போதனையின் தொடக்கம். அதை நீங்கள் ஏற்க வேண்டும் என்று இல்லை. ஏற்கவில்லை என்றால் ஏன் என்று அடுத்த வரியில் எழுதுங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் வருத்தம் மிச்சம் இருக்கலாம். ஆனால் அதன் பிடி தளர்ந்திருக்கும். "தோற்றுவிட்டேன்" என்பது வானத்திலிருந்து விழுந்த தீர்ப்பாக இனித் தோன்றாது. நான்கு கூற்றுகளை நம்பினால் மட்டுமே கிடைக்கும் முடிவு அது. அவற்றில் இரண்டை நீங்கள் நம்பவில்லை என்று இப்போது உங்களுக்கே தெரியும். பதினேழாம் நூற்றாண்டு டச்சுத் தத்துவவாதி ஸ்பினோசாவின் 'அறவியல்' நூலில் நான்காம் பகுதி மனிதரின் அடிமைத்தனத்தையும் ஐந்தாம் பகுதி விடுதலையையும் பேசுகிறது. நம்மை ஆட்டிவைக்கும் ஓர் உணர்ச்சியைப் பற்றித் தெளிவான கருத்து நமக்கு உண்டானதும் அது அப்படி ஆட்டிவைப்பதை நிறுத்திவிடுகிறது என்று ஐந்தாம் பகுதியில் அவர் வாதிடுகிறார். முழுக்க நின்றுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். குறைகிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஒரு சின்ன நூலை நிதானமாகப் படிப்பது

முதல் நூலாக நான் எப்போதும் சொல்வது பிளேட்டோவின் 'யூதிஃப்ரோ'. ஒரே மாலையில் முடித்துவிடலாம். சாக்ரடீஸ் தன்மேல் சுமத்தப்பட்ட வழக்கு விஷயமாக நீதிமன்ற வாசலுக்கு வந்திருக்கிறார். அங்கே யூதிஃப்ரோவைச் சந்திக்கிறார். அவரும் ஒரு வழக்குக்காகத்தான் வந்திருக்கிறார், அதுவும் சொந்தத் தந்தை மேலேயே கொலைக் குற்றம் சுமத்த. குடிபோதையில் வீட்டு அடிமை ஒருவனைக் கொன்றுவிட்ட கூலியாளை, தந்தை கைகால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, என்ன செய்வது என்று கேட்டுவர ஆள் அனுப்புகிறார். பதில் வருவதற்குள் பசியிலும் குளிரிலும் கூலியாள் செத்துப்போகிறான். குடும்பமே யூதிஃப்ரோவை எதிர்க்கிறது. அவரோ, தெய்வத்துக்கு உகந்தது எது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும் என்கிறார்.

சரி, அப்படியென்றால் சொல்லுங்கள் என்று சாக்ரடீஸ் கேட்கத் தொடங்குகிறார். முதல் பதில்: "நான் இப்போது செய்வதுதான்." அது ஓர் உதாரணம் மட்டுமே, விளக்கம் ஆகாது. அடுத்து, தெய்வங்களுக்குப் பிடித்தது என்கிறார். தெய்வங்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறதே? அப்படியென்றால் எல்லாத் தெய்வங்களுக்கும் பிடித்தது. இந்த இடத்தில் வருகிறது அந்தக் கேள்வி: தெய்வங்கள் விரும்புவதால் அது புனிதமா, புனிதமாக இருப்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா?

இங்கே புத்தகத்தை மூடிவையுங்கள். ஒரு நாள் கழித்துத் திறந்தால் போதும். கேள்வியை உங்கள் வாழ்க்கைக்குள் கொண்டுவந்து பாருங்கள். பெரியவர்கள் சொல்வதால் ஒன்று சரியாகிறதா, சரியாக இருப்பதால் அவர்கள் சொல்கிறார்களா? சட்டம் தடுப்பதால் ஒன்று தவறா, தவறாக இருப்பதால் தடுக்கிறதா? இரண்டாவதுதான் என்றால், அது ஏன் சரி என்பதற்கான காரணம் சொல்பவருக்கு வெளியே எங்கோ இருக்கிறது. அதை நீங்களும் தேடிப் போகலாம். ஒரு கேள்வி மனத்தைத் திறந்துவிடுகிறது என்று சொல்வது இதைத்தான். அதிகாரத்தை எதிர்க்கும்படி யாரும் உங்களைத் தூண்டவில்லை. ஆனால் 'அவர் சொன்னார்' என்பதோடு நின்றுவிடுவது இனி முடியாது.

படிக்கும் முறை பற்றி இரண்டொரு வார்த்தை. முதல் முறை கதைபோல ஓடவிட்டுப் படியுங்கள். இரண்டாம் முறை பென்சிலோடு. ஒவ்வொரு விளக்கமும் எந்த வரியில் உடைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சாக்ரடீஸ் எங்கே அவசரப்படுகிறார், யூதிஃப்ரோ வேறு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்றும் பாருங்கள். பிளேட்டோ எழுதிவிட்டார் என்பதால் சாக்ரடீஸ் பக்கமே நியாயம் என்று எடுத்துக்கொண்டால் இந்த நூலைப் படித்த பயனே போய்விடும். கடைசியில் யூதிஃப்ரோ, இன்னொரு நாள் பேசலாம், எனக்கு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுகிறார். விடை கிடையாது. விடை இல்லாமல் ஒரு நூல் முடிவதைப் பொறுத்துக்கொள்ளப் பழகுவதும் பயிற்சியின் ஒரு பகுதியே.

யூதிஃப்ரோ பிடிக்கவில்லை என்றால்? அன்றாட மன உளைச்சலுக்கு நெருக்கமாக ஏதாவது வேண்டும் என்பவர்கள் எபிக்டெட்டஸின் 'கையேடு' படிக்கலாம். அவர் தானாக எதுவும் எழுதவில்லை. அவருடைய மாணவர் ஆரியன் (Arrian) என்பவர் தொகுத்தது. கதை வடிவில் வேண்டும் என்பவர்களுக்கு யொஸ்டைன் கார்டெர் 1991இல் எழுதிய 'சோஃபியின் உலகம்' தமிழிலேயே கிடைக்கிறது. ஏதாவது பெயரோ கருத்தோ புரியாமல் நின்றுவிட்டால், 1995 முதல் இணையத்தில் இலவசமாக இருக்கும் ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியத்தில் தேடலாம். ஆங்கிலத்தில் இருக்கிறது, கட்டுரைகள் கனமானவை, ஆனால் நம்பகமானவை. ஜெர்மானியத் தத்துவவாதிகளான கான்ட்டின் பெரிய நூல்கள், ஹெகல், ஹைடெக்கர் ஆகியவற்றை முதல் வருடம் தொட வேண்டாம். ஸ்பினோசாவின் 'அறவியல்' கூட வடிவியல் தேற்றங்கள்போல வரிசையாக அடுக்கப்பட்டது. தனியாக உட்கார்ந்து படிப்பது கஷ்டம்.

எதிர்த்தரப்பைச் சரியாகச் சொல்லிப் பார்ப்பது

எல்லாப் படிகளிலும் கடினமானது இதுதான். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், தன் தரப்பை மட்டும் அறிந்தவர் அந்தத் தரப்பையும் சரியாக அறிந்தவர் ஆகமாட்டார் என்கிறார். இந்தியத் தத்துவ நூல்களில் இது ஒரு மரபாகவே இருந்தது: எதிராளியின் வாதத்தை முதலில் வைத்து, அதன் பிறகே தன் பதிலைச் சொல்வார்கள். இந்திய தர்க்க மரபின் மூல நூலான நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைத் தேடி இருவரும் பேசுவது வாதம். ஜெயிப்பதற்காக மட்டும் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாடும் வைக்காமல் அடுத்தவர் சொல்வதை உடைத்துக்கொண்டே இருப்பது விதண்டை. நாம் அன்றாடம் பார்க்கும் சண்டைகளில் முதல் வகை எவ்வளவு அரிது என்று யோசித்துப் பாருங்கள்.

நம் மொழியிலேயே இதற்கு அழகான முன்மாதிரி உண்டு. மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் வெவ்வேறு சமயவாதிகளிடம் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதி, ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், உலகாயதத்துக்கு (பொருள்முதல்வாதத்துக்கு) நெருக்கமான பூதவாதி என்று வரிசை நீள்கிறது. இளம்பெண் என்றால் யாரும் ஆழமான பொருளைச் சொல்லமாட்டார்கள் என்பதால் துறவி வடிவம் எடுத்துக்கொண்டு போகிறாள். காப்பியத்தை எழுதிய சாத்தனார் பௌத்தர், காப்பியமும் பௌத்தத்தில்தான் முடிகிறது. என்றாலும் அவள் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் தருமம் கேட்பது மற்ற எல்லாரையும் கேட்ட பிறகுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது: உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு கருத்தை எடுத்து, அதற்கு ஆதரவாக அரைப் பக்கம் எழுதுங்கள். கிண்டல் கூடாது. பிறகு அந்தக் கருத்தை உடைய ஒருவரிடம் காட்டி, நீங்கள் சொல்ல வந்தது இதுதானா என்று கேளுங்கள். ஆமாம் என்று அவர் சொல்லும்வரை திருத்துங்கள். கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் அந்த மனிதரைப் பற்றி உங்களுக்குள் இருந்த ஏதோ ஒன்று மாறியிருக்கும்.

இரண்டு சின்னக் கருவிகள்

ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1740இல் ஒன்றைக் கவனித்துச் சொன்னார். 'இப்படி இருக்கிறது' என்று பேசிக்கொண்டே வருபவர்கள், காரணம் காட்டாமல் திடீரென்று 'இப்படி இருக்க வேண்டும்' என்று மாறிவிடுகிறார்கள். "காலங்காலமாக இப்படித்தான் நடக்கிறது, ஆகவே இதுதான் முறை" என்று யாராவது சொல்லும்போது அந்தத் தாவலைப் பிடியுங்கள். நடுவில் ஒரு காரணம் விடுபட்டிருக்கிறது. அது நல்ல காரணமாகவும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்.

இன்னொன்று கற்பனைச் சோதனை. ராபர்ட் நோசிக் 1974இல் முன்வைத்தது: நீங்கள் விரும்பும் எந்த அனுபவத்தையும் அசலைப் போலவே தரும் ஓர் இயந்திரம் இருக்கிறது. அதனுடன் இணைந்துவிட்டால், இணைந்திருப்பதே உங்களுக்குத் தெரியாது. வாழ்நாள் முழுவதற்கும் இணைந்துகொள்வீர்களா? மாட்டேன் என்றால், சந்தோஷமாக இருந்தால் போதும் என்று நீங்கள் சொல்லிவந்தது முழு உண்மை இல்லை. வேறு எது வேண்டும் உங்களுக்கு? எழுதுங்கள்.

தலை சுற்றும் கட்டம்

சில மாதங்களில் இது வரலாம். ஒவ்வொரு நம்பிக்கையையும் தட்டிப் பார்த்துக்கொண்டே போனால், எதிலும் கால் ஊன்ற முடியாததுபோல ஓர் உணர்வு. பயப்பட வேண்டாம், பெரிய சிந்தனையாளர்களும் இதைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள். ஹியூம் தன் முதல் நூலில், சந்தேகம் முற்றி இருள் சூழ்ந்ததுபோல இருந்த நிலையை வெளிப்படையாக எழுதுகிறார். நண்பர்களோடு சாப்பிட்டு, பேசி, ஓர் ஆட்டம் ஆடியதும் அந்த இருள் கலைந்தது என்றும் எழுதுகிறார். பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த் 1637இல் சொன்ன யோசனையும் உதவும். வீட்டை இடித்துக் கட்டும்போது அதுவரை தங்க வேறு ஓர் இடம் வேண்டும் அல்லவா, அதுபோல எல்லாவற்றையும் சந்தேகிக்கும் காலத்துக்கென்று தற்காலிக ஒழுக்க விதிகள் சிலவற்றை அவர் வகுத்துக்கொண்டார்.

இந்தக் கட்டத்தில் வேலையை விடுவது, உறவை முறிப்பது போன்ற பெரிய முடிவுகளை எடுக்காதீர்கள். அப்புறம் ஒன்று, இதை அக்கறையோடு சொல்கிறேன்: தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போனால் அது தத்துவக் கேள்வி என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் பேசுங்கள். புத்தகம் காத்திருக்கும்.

புதிய விலங்குகள்

பழைய கட்டுகளை அவிழ்த்துவிட்டுப் புதியதை மாட்டிக்கொள்வதும் நடக்கிறது. ஒரே ஒரு சிந்தனையாளரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் அவரையே மேற்கோள் காட்டுவது முதல் வகை. கான்ட் 1784இல் எழுதிய சிறு கட்டுரையில், எனக்குப் பதிலாகப் புரிந்துகொள்ள ஒரு புத்தகம், எனக்குப் பதிலாக மனசாட்சியாக இருக்க ஒரு போதகர் என்று வைத்துக்கொண்டால் நான் சிரமப்படவே வேண்டாமே என்று வாழும் மனநிலையைச் சாடுகிறார். அந்தப் புத்தகம் கான்ட் எழுதியதாகவே இருந்தாலும் விஷயம் அதுதான். இரண்டாவது, கலைச்சொற்களை வைத்து வீட்டில் உள்ளவர்களை மடக்குவது. எளிய சொற்களில் சொல்ல முடியாத எதையும் நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தவிர்க்கச் சிறந்த வழி கூட ஒருவரைச் சேர்த்துக்கொண்டு படிப்பது. உங்களோடு எளிதில் ஒத்துப்போகாத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. வாரத்துக்கு ஒருமுறை சந்தித்து, நான்கைந்து பக்கத்துக்கு மேல் போகாமல், ஒருவர் வாதத்தைச் சொல்ல மற்றவர் ஓட்டை தேடலாம்.

'யூதிஃப்ரோ'வை இப்படி முடித்தவர்கள் அடுத்து பிளேட்டோவின் 'கிரிட்டோ'வை எடுங்கள். கி.மு. 399. மரண தண்டனை பெற்ற சாக்ரடீஸ் சிறையில் இருக்கிறார். தப்பிக்க எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு நண்பர் கிரிட்டோ விடியற்காலையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். சாக்ரடீஸ் மறுக்கிறார். சட்டம் தன்னைப் பெற்றோர்போல வளர்த்தது என்கிறார்; இத்தனை ஆண்டுகள் இந்த நகரத்தை விட்டுப் போகாமல் இருந்ததே அதன் சட்டங்களுக்குக் கொடுத்த சம்மதம் என்கிறார். பெற்றோர் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வளர்த்தவர்கள் என்பதற்காக அவர்கள் செய்யும் அநியாயத்துக்கும் தலைகுனிய வேண்டும் என்று அதிலிருந்து வராது. சம்மத வாதம் அவ்வளவு சுலபமாக விழவில்லை. போக வழி இருந்தும் ஓரிடத்தில் தங்கியிருப்பது வாக்குக் கொடுத்ததற்குச் சமமா? நோட்டில் இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்துவிட்டு, அடுத்த சந்திப்பில் உங்கள் கூட்டாளியிடம் இதைத்தான் முதலில் கேளுங்கள்.